அப்பாவின் பெயரில் இருந்த வீடு

என் அப்பா செத்தபோது மரண அறிவித்தல் போடவில்லை. இந்த ஒரு வசனத்தை வாசித்த உடனேயே ஸ்காபரோத் தமிழரில் பாதிப்பேர் என்னைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். திட்டட்டும். நானே என்னைத் திட்டி ஓய்ந்த பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் யாராவது செத்தால் மறுநாள் காலைக்குள் இணையத்தில் படம் வந்துவிடும். பூப்போட்ட சட்டம், நடுவில் படம், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், 'அன்னார்' என்று தொடங்கி முடியவே முடியாத ஒரு வசனம். அதில் மருமக்கள், பெறாமக்கள் வரை எல்லோருடைய பெயரும் இருக்கும். றேடியோவில் வாசிப்பார்கள். தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். அப்பா காலையில் தேத்தண்ணீரோடு முதலில் பார்ப்பது அதைத்தான், செய்தியெல்லாம் பிறகு. "பாவம், பாஸ்போர்ட் படத்தைப் போட்டிருக்கிறாங்கள், கள்ளனைப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்பார். தனக்கென்று ஒரு படத்தையும் தெரிந்து வைத்திருந்தார். என் கல்யாணத்தில் எடுத்தது. "நான் போனால் இதைப் போடு பிள்ளை. இதிலைதான் தலைமயிர் கொஞ்சம் கூட" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் படத்தை நான் போடவில்லை. காரணம், வீட்டு லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம், அப்பாவின் பெயரில் மட்டும் இருந்தது.

ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம், பதினோராம் மாடியில் இரண்டு அறை வீடு. நாங்கள் கனடாவுக்கு வந்த மூன்றாம் வருடம் எடுத்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. எனக்கோ வாய் மூடாத அளவுக்கு வந்துவிட்டிருந்தது. பில்டிங் ஒபிஸில் தந்த தாள்களை நான்தான் வாசித்துச் சொன்னேன், நான்தான் நிரப்பினேன். வாடகைக்கு எடுப்பவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். கீழே, கூட இருப்பவர்கள் என்ற இடத்தில் அம்மாவையும் என்னையும் போட்டேன். அம்மாவையும் மேலே எழுதலாமா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அப்பா கையெழுத்து வைத்தார். திரும்பி வரும்போது எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்து, கடைக்காரரிடம் "இவதான் எங்கடை லோயர்" என்று சொன்னார்.

அந்த வக்கீல் பட்டம் என் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்த ஆங்கிலக் கடிதம் எல்லாம் என் பொறுப்பு. வரி, பென்சன், ஆஸ்பத்திரி, வருடா வருடம் லீஸ் புதுப்பிக்கிற தாள் எல்லாம் நான். கல்யாணம் கட்டி நகருக்கு வெளியே விட்பிக்குப் போன பிறகும் சனிக்கிழமைகளில் வந்து கடிதக் கட்டைப் பிரிப்பேன். யாரையும் கேட்டுப் பழக்கமில்லை. கேட்டால் லோயர் பட்டம் போய்விடும் அல்லவா?

அந்த வீட்டின் வாடகை நாங்கள் குடிபோன காலத்து வாடகையில் இருந்து மெல்ல ஏறியதுதான். இருக்கிறவர்களுக்கு வருடத்தில் கொஞ்சம்தான் கூட்டலாம் என்பது சட்டம். அதனால்தான் இரண்டு பேரும் பென்சனில் சமாளித்தார்கள். அதே மாடியில் புதிதாக வருகிறவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறார்கள். பழைய ஆள் ஒருவர் போனால் ஒபிஸ்காரருக்குக் கொண்டாட்டம். பெயின்ற் அடித்துப் புது விலைக்கு விட்டுவிடலாம். இது பில்டிங்கில் எல்லோருக்கும் தெரியும். நான்காம் மாடியில் ஒருவர் தமையனின் பெயரில் இருந்த வீட்டில் பத்து வருடம் இருந்தார். தமையன் செத்ததும் அவரை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கதையை அப்பாவே எனக்கு லிஃப்ற்றில் வைத்துச் சொன்னார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை மத்தியானம் அப்பா சாப்பாட்டு மேசையில் சரிந்தார். அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

டொக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், மெதுவான குரலில் லீஸைப் பற்றிச் சொன்னேன்.

"அம்மா, பில்டிங்கிலை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அப்பா செத்தது தெரிஞ்சால் வீட்டை எடுத்துப்போடுவாங்கள்."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "பேப்பர் விஷயம் நீ சொன்னால் சரிதானே பிள்ளை" என்றார்.

விட்பிக்கு வந்து எங்களோடு இருக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அங்கே என் மாமனார் மாமியார் இருக்கிறார்கள். கோயிலுக்குப் போவதென்றாலும் மரக்கறி வாங்குவதென்றாலும் யாராவது காரை எடுக்க வேண்டும். அம்மா தலையை ஆட்டினார். "நான் அவர் இருந்த வீட்டிலையே இருக்கிறன். அதை மட்டும் காப்பாற்றித் தா." அதுதான் அம்மா கேட்டது. அம்மாவுக்கு அந்த வீடு வேண்டும். அதை எப்படியும் காப்பாற்றித் தருவேன் என்று நான் சொன்னேன்.

செத்தவீட்டை மார்க்கம் நகரப் பக்கம், எங்கள் ஆட்கள் அதிகம் போகாத ஒரு மண்டபத்தில் வைத்தோம். கிழமை நாளில், காலையில். பன்னிரண்டு பேர். அதில் நான்கு பேர் என் கணவரின் வேலைத்தலத்து ஆட்கள், அப்பாவை ஒருநாளும் காணாதவர்கள். ஊரில் இருந்த சொந்தங்களுக்குப் போனில் சொல்லி, முகநூலில் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். யாருடைய செத்தவீடு என்றாலும் முன்வரிசையில் போய் நிற்கிற மனிதர் என் அப்பா. அவருக்கு மூன்று வரிசை வெறுங்கதிரை. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. யாராவது தெரிந்தவர் வந்துவிடுவாரோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் ஒருதரம் சொன்னார், "ஒரு வக்கீலிட்டைக் கேட்டுப் பாரன்." நான் எரிந்து விழுந்தேன். "முப்பது வருசமா இந்த வீட்டுப் பேப்பர் பாக்கிறது நான். எனக்குத் தெரியாதோ?"

அதன் பிறகு தொடங்கியது நாடகம். இயக்குநர் நான், நடித்தது அம்மா.

தாலிக்கொடியை அப்பாவோடு அனுப்பியாயிற்று. வெறுங்கழுத்தோடு கீழே உடுப்புத் தோய்க்கப் போனால் பில்டிங் பெண்களுக்கு விளங்கிவிடும். அதனால் நான் இந்தியக் கடைகள் இருக்கிற ஜெராட் வீதிக்குப் போய், தங்கமுலாம் பூசிய ஒரு கொடி வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மாவின் கையில் கொடுத்தேன். அம்மா அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். கழுத்தை நீட்டச் சொல்லி நானே போட்டுவிட்டேன். கனடாவில் புருஷனை இழந்த அம்மாவுக்குக் கடையில் வாங்கின கொடியைக் கட்டிவிட்ட மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெளியே போகும்போது அம்மா குங்குமப் பொட்டு வைப்பார், உள்ளே வந்ததும் குசினிப் பேசினில் கழுவிவிடுவார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏனம்மா வீட்டுக்குள் கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். "உள்ளுக்கை அவருக்குத் தெரியும்தானே" என்றார். அப்பாவின் மாலை போட்ட படம் சுவரில் இல்லை. படுக்கையறை அலுமாரிக்குள் சேலைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. விளக்குக் கொளுத்தினால் புகை மணி அடிக்கும் என்று ஒரு டொலர் கடையில் பற்றரி மெழுகுதிரி வாங்கிக் கொடுத்தேன். அம்மா காலையில் அலுமாரிக் கதவைத் திறந்து, மெழுகுதிரியின் அடியில் இருக்கும் சுவிட்சைத் தட்டி, கும்பிட்டுவிட்டு மூடிவிடுவார்.

பில்டிங்கைப் பராமரிக்கிற சூப்பரிண்டென்டனும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். அதுதான் பெரிய தலையிடி. வேற்றுநாட்டுக்காரர் என்றால் பொட்டையும் கொடியையும் கவனிக்கமாட்டார். இவர் பைப் பார்க்க, ஹீற்றர் பார்க்க என்று இரண்டு மாதத்துக்கு ஒருதரமாவது வருவார். வந்தால் வாசலில் நின்றே கேட்பார்.

"அங்கிள் எங்கை அன்ரி, காணேல்லை?"

"இப்பத்தான் நடக்கப் போட்டார் தம்பி."

"சுகமா இருக்கிறாரோ?"

"ஓம், ஓம். நல்ல சுகம்."

வாசலில் அப்பாவின் கறுப்புச் சப்பாத்து எப்போதும் இருக்கும். நடக்கப் போனவர் என்ன வெறுங்காலோடா போனார் என்று நானே ஒருநாள் யோசித்துப் பயந்தேன். சப்பாத்தை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். இரண்டு நாளில் அது திரும்ப வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா அந்த ஒரு விஷயத்தில் என் சொல் கேட்கவில்லை.

இன்னொரு தலையிடி மொன்றியல் அங்கிள். அப்பாவும் அவரும் கனடாவுக்கு வந்த புதிதில், நானும் அம்மாவும் வருமுன், ஒரே அறையில் ஆறு பேரோடு இருந்தவர்கள், ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவர்கள். அவர் பிறகு மொன்றியலுக்குப் போய்விட்டார். இரண்டு கிழமைக்கு ஒருதரம் வீட்டுப் போனுக்கு எடுப்பார். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் ஒருவரை ஒருவர் ஏசித் தீர்ப்பார்கள், அவ்வளவு அன்பு. அவருக்கு மட்டுமாவது சொல்லுவோம் என்று அம்மா கெஞ்சினார். நான் மறுத்தேன். அங்கிளுக்குச் சொன்னால் றேடியோவுக்குச் சொன்ன மாதிரி. ஒரு மணி நேரத்தில் பதினோராம் மாடிக்கு மலர்வளையம் வந்து சேரும்.

அதனால் அவர் எடுக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பொய் சொன்னார். நித்திரை அண்ணை. குளிக்கிறார் அண்ணை. கோயிலுக்குப் போட்டார் அண்ணை. முதலில் அங்கிள் சிரித்தார், "எந்த நேரமும் நித்திரையோ அவன்? எழும்பினாப் போலை எடுக்கச் சொல்லுங்கோ." பிறகு சிரிப்புக் குறைந்தது. போன் மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று ஆனது. ஒரு சனிக்கிழமை நான் அங்கே இருந்தபோதுதான் கடைசியாக எடுத்தார். அம்மா போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"அவனுக்கு என்னிலை ஏதும் கோபமோ? நான் ஏதும் பிழையாக் கதைச்சிருந்தால் மன்னிக்கச் சொல்லுங்கோ. நான் இனிக் கரைச்சல் தரேல்லை. அவனுக்கு மனம் வந்தால் எடுக்கட்டும்."

அம்மா "கோபம் ஒண்டுமில்லை அண்ணை" என்றார். வேறு என்ன சொல்வது? போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து மின்சாரக் கடிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. லீஸ் புதுப்பிக்கிற தாள் வரும்போது அப்பாவின் கையெழுத்தை நான் வைத்தேன். சுழித்துச் சுழித்து எழுதுகிற கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் றிப்போர்ட்டுக்கு வைத்துப் பழகினது. ஒரே இழுப்பில் வந்துவிடும்.

இந்த வருடம் பங்குனியில் பில்டிங் கைமாறியது. புது முதலாளி ஒரு கம்பனி. எல்லா வீட்டுக்கும் கடிதம் போட்டார்கள். பழைய லீஸ்கள் எல்லாவற்றையும் புதுப் படிவத்தில் மாற்றுகிறோம், லீஸில் பெயர் உள்ளவர் படம் போட்ட அடையாள அட்டையோடு ஒபிஸுக்கு நேரில் வர வேண்டும் என்று இருந்தது. கடிதத்தின் மேல் அப்பாவின் பெயர், கொட்டை எழுத்தில். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். நேரில் என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை.

இரண்டு கிழமை எனக்கு ஒழுங்கான சாப்பாடில்லை. அப்பாவுக்குச் சுகமில்லை என்று கடிதம் எழுதலாமா? எழுதினேன். அப்படியென்றால் கம்பனி ஆள் வீட்டுக்கே வருவார் என்று பதில் வந்தது. பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் மாமனாருக்கும் அப்பாவின் வயதுதான். அதே உயரம், அதே மொட்டை. அப்பாவின் சுகாதார அட்டையில் இருக்கிற படம் பழையது, மங்கலானது. ஒபிஸில் இருப்பது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, அதற்கு எங்கள் கிழவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஐந்து நிமிட வேலை. மாமனாரைச் சம்மதிக்க வைக்கலாம்.

அம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். என் அம்மா என்னோடு சத்தம் போட்டதில்லை, அடித்ததில்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

"வேறை ஒருத்தரைக் கொண்டுவந்து அவர் எண்டு சொல்லி எனக்குப் பக்கத்திலை இருத்தப்போறியோ? அதுக்கும் நான் ஓம் எண்டு தலையாட்ட வேணுமோ? நீ சொன்னதெல்லாம் செய்தனான் பிள்ளை. கொடி கட்டச் சொன்னாய், கட்டினனான். பொய் சொல்லச் சொன்னாய், சொன்னனான். உது என்னாலை ஏலாது. வீடு போனால் போகட்டும்."

காரில் போய் உட்கார்ந்து, முப்பது வருடத்தில் முதல் தடவையாக, எனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டேன். அடுத்த நாளே வாடகைக்கு இருப்பவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிற ஒரு சட்ட நிலையத்துக்குப் போனேன். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறை. அங்கே இருந்தது இங்கேயே பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. எனக்குப் பாதி வயது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கவில்லை, அவள் கையை உயர்த்தினாள்.

"வெயிற், அக்கா. அம்மா அவரோட அந்த வீட்டிலதானே இருந்தவ? அவ ஸ்பவுஸ். அவர் இறந்த அண்டைக்கே ஓட்டோமற்றிக்கா அவதான் ரெனன்ற், வாடகைக்காரர். தே கான்ட் ரேக் இற், வீட்டை எடுக்கவே ஏலாது. வாடகையும் அதேதான்."

"நாலாம் மாடி ஆளை எழுப்பினவங்களே?" என்றேன்.

"அது பிறதர். பிறதர் வேற, வைஃப் வேற."

"புது லீஸ்?"

"சைன் பண்ணவே தேவையில்ல. பழைய லீஸ் முடிஞ்சாலும் மாசத்துக்கு மாசம் அப்பிடியே போகும்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "அக்கா, ஆர் யூ ஓகே?" என்று கண்ணைத் துடைக்க ரிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

ஐந்து நிமிடம். அவ்வளவுதான் பிடித்தது. செத்த அன்றைக்கே ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் அப்பாவுக்கு அவருடைய படம் வந்திருக்கும். மண்டபம் நிறைந்திருக்கும். அங்கிள் மொன்றியலில் இருந்து பஸ் ஏறி வந்து தலைமாட்டில் நின்று ஏசித் தீர்த்திருப்பார். பிளாசாவின் கார் நிறுத்தும் இடத்தில் நான் அழுத அழுகையில் பக்கத்துக் காரில் வந்த பெண் கண்ணாடியில் தட்டித் தண்ணீர் போத்தல் தந்துவிட்டுப் போனாள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நேராகத்தான் சொன்னேன். வேறு வழி தெரியவில்லை.

"அப்ப சொல்லியிருக்கலாமோ?" என்றார்.

"ஓம் அம்மா."

"முதல் நாளே?"

"ஓம்."

அம்மா சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். "நீ தெரிஞ்சோ செய்தனி" என்று மட்டும் சொன்னார். கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொடியின் கொழுக்கியைத் தேடினார். அது இறுகிப்போயிருந்தது. நான் எழும்பிப் போய்க் கழற்றிவிட்டேன். கழுத்தில் அது கிடந்த இடம் கறுத்திருந்தது.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒபிஸுக்குப் போனோம். இறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், சட்ட நிலையத்துப் பிள்ளை எழுதித் தந்த கடிதம் எல்லாம் கொண்டு போனோம். ஒபிஸ் பிள்ளை வாசித்தாள். "ஐ'ம் சோ சொறி" என்று அம்மாவுக்குச் சொன்னாள். எப்போது இறந்தார் என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தானே, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "த்ரீ இயர்" என்றார். அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள். கொம்பியூட்டரில் அப்பாவின் பெயரை அழித்துவிட்டு அம்மாவின் பெயரை அடித்தாள். ஒரு தாளை அச்செடுத்துத் தந்தாள். இதற்குத்தான் இத்தனை பாடும்.

வெளியே வந்தபோது சூப்பரிண்டென்டன் லிஃப்ற்றுக்கு முன்னால் நிலம் துடைத்துக்கொண்டு நின்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து, "அண்ணை, அப்பா உண்மையிலை..." என்று தொடங்கினேன்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி" என்றார். "அம்புலன்ஸ்காரருக்கு லிஃப்ற்றைப் பிடிச்சுக் கொண்டு நிண்டது நான்தானே. பிறகு அங்கிள் திரும்பி வரேல்லை. சப்பாத்து ஒரே இடத்திலை கிடக்குது. அன்ரிக்குத்தான் மனம் ஏற்குதில்லை எண்டு நினைச்சு, நானும் அதுக்கேத்த மாதிரிச் சுகம் கேட்டுக் கொண்டிருந்தனான்."

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருடம் வீட்டுக்காக அம்மாவும், அம்மாவின் மனம் நோகக் கூடாதென்று அவரும் வாசலில் நின்று பொய் பேசியிருக்கிறார்கள். ஏமாந்தது நான் மட்டும்தான்.

மேலே வந்து தேத்தண்ணீர் குடித்தோம். ஒபிஸில் அம்மாவின் பெயர் போட்டுத் தந்த தாள் மேசையில் கிடந்தது. அம்மா அதைத் தொடவில்லை.

"இனி அறிவித்தல் போடலாம் அம்மா. ஆக்களுக்கும் சொல்லலாம். முதல்லை மொன்றியல் அங்கிளுக்கு எடுங்கோ" என்றேன்.

அம்மா போனைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"என்னாலை ஏலாது பிள்ளை. மூண்டு வருசம் எல்லாருக்கும் சுகமா இருக்கிறார் எண்டு சொல்லிச் சொல்லி, எனக்கும் அவர் உங்கை எங்கையோ நடக்கப் போன மாதிரித்தான் இருந்தது. இப்ப நான் என்ரை வாயாலை சொன்னால் அவர் இண்டைக்குத்தான் சாவார்." பிறகு, "நீதானே சொல்லவேண்டாம் எண்டனி. நீயே சொல்லு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நியாயத்தைச் சொன்னார். நான் வீட்டுப் போனை எடுத்து, சுவரில் அப்பாவின் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்த இலக்கத்தை அழுத்தினேன். என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று மனதுக்குள் வசனம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. லீஸில் பெயரை மாற்றியாயிற்று, போன் இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருந்தது. அங்கிளின் போனில் அந்தப் பெயர்தான் விழும்.

இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டார்.

"டேய் மச்சான்! எனக்குத் தெரியுமடா நீ எடுப்பாய் எண்டு!" அவருடைய குரல் அறை முழுக்கக் கேட்டது. அதே மூச்சில், "இஞ்சை ஓடி வாருமப்பா, அவன் எடுத்திருக்கிறான்!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "கோபம் தீர்ந்துதோடா? கதையன்ரா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அங்கிள்," என்றேன், "நான் மகள் கதைக்கிறன்."

"ஆ, பிள்ளையோ! சரி சரி, சந்தோஷம்" என்றார். "போனை அவனிட்டைக் குடு பிள்ளை."